சைலன்சரைக் கழற்றினால் வேகம் கூடுமா?

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பாக நம் கல்லூரி வாயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடலாம். மண் அதிர 'டப டப' என்று வருவது வரலாற்றுத் துறை நண்பரின் புல்லட். காதைக் கிழித்துக்கொண்டு வருவது வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவரின் ஆர்.எக்ஸ். 100. அவருடைய தந்தையார் வாங்கிய வண்டி அது. வண்டிக்கு அவரைவிட வயது அதிகம். இரண்டு வண்டிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சைலன்சருக்குள் இருக்கவேண்டிய பொருள் ஒன்று உள்ளே இல்லை.

அதை எடுத்தவன் நானே. என் தாய்மாமன் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளியில் மேல்நிலை வகுப்புப் படித்த நாள் தொட்டு விடுமுறைகளில் அங்கே கை கறுத்தவன் நான். "பேஃபிளை உருவிட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லிச் சொல்லி எத்தனையோ வண்டிகளுக்கு உருவியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒலியியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒத்ததிர்வு பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது வாயிலிலிருந்து அந்த ஆர்.எக்ஸ். அலறியது. "இதனால் வண்டிக்கு என்ன லாபம்?" என்று பொதுவாக வகுப்பைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து, "வேகம் கூடும் ஐயா" என்றேன். "ஏன் கூடும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒற்றைக் கேள்வியின் பின்னால் நான் பல வாரங்கள் அலைந்ததன் விளைவே இக்கட்டுரை.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காண்போம். உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. பிஸ்டன் அடிமட்டத்தை அடையும் முன்னரே வெளியேற்று வால்வு திறந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. அடைபட்டிருந்த அவ்வாயு திடீரென்று குழாய்க்குள் பாய்வதால் ஓர் அழுத்த அலை எழுகிறது. சோடா பாட்டிலைத் திறக்கும்போது எழும் ஒலியும் இவ்வகையினதே.

நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இந்த வெடிப்பு நிகழும்; இரு வீச்சு எஞ்சினில் சுற்றுக்கு ஒருமுறை. ஆகவே நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் ஒற்றை உருளைப் புல்லட்டில் வினாடிக்கு 25 வெடிப்புகள். 6000 சுற்று சுழலும் ஆர்.எக்ஸ். 100-இல் வினாடிக்கு 100. வினாடிக்கு இருபத்தைந்தைச் செவி ஏறக்குறையத் தனித்தனி அடிகளாகவே உணர்கிறது. நூறை அவ்வாறு பிரித்தறிய இயலாது; ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. புல்லட் தாளம் போடுவதும் ஆர்.எக்ஸ். ராகம் இழுப்பதும் இதனால்தான். இந்த அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளான மேற்சுரங்களும் சேர்ந்து வருகின்றன. காதைக் குத்துபவை அந்த மேற்சுரங்களே.

இதை அடக்குவதற்கான முயற்சி மோட்டார் வண்டி அளவுக்கே பழமையானது. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இலேயே ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றனர். துப்பாக்கிக்கு ஒலியடக்கி செய்து 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் எஞ்சின்களுக்கும் ஒலியடக்கி செய்தார். துப்பாக்கிக்கும் மோட்டாருக்கும் தத்துவம் ஒன்றே. வெடித்து வரும் வாயுவை வெளிக்காற்றில் சட்டென்று விடாமல், அறை அறையாகத் தங்கவைத்து, அதன் துள்ளலைக் குறைத்து அனுப்புவதுதான் அது.

அதை மூன்று வழிகளில் செய்கிறார்கள். ஒன்று, குறுகிய குழாயிலிருந்து திடீரென்று அகன்ற அறைக்குள் விடுவது. முதலாண்டு செய்முறையில் நாம் எல்லோரும் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, நீர் நிரம்பிய குழாயின் மேல் பிடித்து, ஏறத்தாழ 16 செ.மீ. நீளத்தில் ஒலி ஓங்குவதைக் கேட்டிருக்கிறோம். குழாயின் திறந்த முனையில் சுவர் எதுவும் இல்லை. ஆயினும் ஒலி அங்கிருந்து திரும்பி வருகிறது. குழாயின் பரப்பு எங்கெல்லாம் சடுதியில் மாறுகிறதோ அங்கெல்லாம் அலையின் ஒரு பகுதி பின்னோக்கித் திரும்பும். சைலன்சரின் வயிறு பெருத்திருப்பது அழகுக்காக அன்று, இதற்காகத்தான்.

இரண்டாவது, பக்கவாட்டில் ஒரு மூடிய அறையைச் சிறு துளையால் இணைப்பது. கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் மட்டும் எழுமல்லவா? ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த ஒத்ததிர்வி அதுவே. அத்தகைய அறை தனக்குரிய சுரத்தை மட்டும் ஓட்டத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு போன்ற பொருளை அடைத்து ஒலியை வெப்பமாக மாற்றிவிடுவது. கூரிய மேற்சுரங்களுக்கு இது நன்கு பொருந்தும். ஆர்.எக்ஸ். வண்டியில் பின்முனையில் ஒரு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் துளைக்குழாய்தான் பேஃபிள்.

இவ்விடத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். கணக்கு பிடிக்காதவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம், நான் வருந்தமாட்டேன். 3 செ.மீ. விட்டமுள்ள குழாய் 9 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட ஒரே ஓர் அறைக்குள் நுழைந்து மீண்டும் 3 செ.மீ. குழாயாக வெளிவருவதாகக் கொள்வோம். பரப்பு ஒன்பது மடங்கு. வெளியேறும் வாயுவின் வெப்பநிலை 400 டிகிரி செல்சியஸ் என்றால் அதில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர். சாதாரணக் காற்றில் 343 தான். வேகம் தனி வெப்பநிலையின் இருமடி மூலத்தைப் பொறுத்தது என்பது நாம் படித்ததே. அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போது ஒலி மிக அதிகமாகக் குறையும். நம் அறைக்கு அது சுமார் 217 ஹெர்ட்ஸ். அங்கே குறைவு 13 டெசிபல். ஆனால் புல்லட்டின் அடிப்படை அதிர்வான 25 ஹெர்ட்ஸில் இதே அறை குறைப்பது இரண்டே டெசிபல்! உண்மையான சைலன்சரில் அறைகள் பல. ஆயினும் போக்கு இதுவே. அதாவது, எந்த 'டப டப'வுக்காக நண்பர்கள் சைலன்சரை மாற்றுகிறார்களோ அதைக் கம்பெனி சைலன்சர் பெரிதாகத் தடுப்பதே இல்லை. கழற்றும்போது புதிதாகச் சேர்வது பெரும்பாலும் மேற்சுரங்களின் கரகரப்புத்தான். லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில் என்று பல பெயர்களில் புல்லட்டுக்கு விற்கப்படும் குழாய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒரு வாட் திறன்

'அடைபட்ட சத்தத்தைத் திறந்துவிட்டால் அந்தச் சக்தி வண்டிக்குக் கிடைக்கும்' என்பது பட்டறைகளில் வழங்கும் நம்பிக்கை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஓர் எஞ்சின் 1 வாட் ஒலித்திறனை வெளியிடுவதாகக் கொண்டு, தரைக்கு மேலே அரைக்கோளமாக அது பரவினால் 7.5 மீட்டர் தொலைவில் ஒலிமட்டம் ஏறத்தாழ 94 டெசிபல் வரும். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் சத்தம் அது. நம் நாட்டில் 80 முதல் 175 கன செ.மீ. வரையுள்ள புதிய இருசக்கர வண்டிக்கு, அந்தத் தொலைவில் ஓட்டிச் செல்லும் சோதனையில் வரையறுத்துள்ள உச்சம் 77 டெசிபல். கணக்கிட்டால் ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் அது. ஆர்.எக்ஸ். 100-இன் திறனோ 11 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 8000 வாட். அண்டை வீட்டுக் குழந்தை தூக்கத்தில் துள்ளி எழும் அத்தனை சத்தமும் எண்ணாயிரத்தில் ஒரு வாட்டே! அதைத் தடுத்தாலும் விட்டாலும் வண்டிக்கு ஒன்றுமில்லை.

எனவே கேள்வி ஒலியைப் பற்றியதன்று. சைலன்சர் வாயுவின் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது, அழுத்த அலைகளை எந்த நேரத்தில் திருப்பி அனுப்புகிறது என்பவை இரண்டுமே கேள்விகள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அளந்துதான் பார்ப்போமே என்று முடிவு செய்தேன். வணிகவியல் நண்பர் வண்டி தர ஒப்புக்கொண்டார். "வேகம் கூடுதுன்னு நீயே உன் வாயால எழுதணும்" என்பது அவருடைய நிபந்தனை. ஊருக்கு வெளியே சாலையில் 200 மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கும் இடம். போக்குவரத்து இல்லாத ஞாயிறு விடியற்காலை. முதல் கல்லில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு அடுத்த கல்லைக் கடக்கும் நேரத்தைக் கைக்கடிகையால் அளப்பது. ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து ஓட்டங்கள். ஓட்டுபவர், பெட்ரோல் அளவு, தலைக்கவசம் எதையும் மாற்றுவதில்லை.

முதல் ஞாயிறு பேஃபிள் இல்லாத நிலையில் ஓட்டினோம். சராசரி 12.9 வினாடி. அதே நாளில், அவர் உருவி வீட்டுப் பரணில் போட்டிருந்த பழைய பேஃபிளை அப்படியே மாட்டி ஓட்டினோம். 14.1 வினாடி. நண்பர் கைதட்டிச் சிரித்தார். எனக்கும் வாயடைத்துப் போயிற்று. ஒரு வினாடிக்கு மேல் வேறுபாடு; கைப்பிழை இரண்டு பத்தில் ஒரு பங்கு வினாடிகளுக்கு மேல் போகாது. ஆக, பட்டறை நம்பிக்கை மெய்யாகிவிட்டதா?

அன்று மாலை அந்தப் பேஃபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளைகளில் பாதிக்கு மேல் தெரியவில்லை. இரு வீச்சு வண்டியில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் நாளடைவில் கரி தாரைப்போல் படிந்து துளைகளை மூடிவிடும். பழைய மெக்கானிக்குகள் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பேஃபிளைச் சுட்டுக் கரி தட்டுவார்கள். இப்போது அந்த வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மறு வாரம் அதை நெருப்பில் காய்ச்சிக் கரியை உதிர்த்து, ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். இரண்டாம் ஞாயிறு மழை, வீணாயிற்று. மூன்றாம் ஞாயிறு சுத்தமான பேஃபிளோடு ஓட்டினோம். சராசரி 12.8 வினாடி. இல்லாத நிலைக்கும் சுத்தமாக உள்ள நிலைக்கும் வேறுபாடு பத்தில் ஒரு வினாடி. அது கைப்பிழைக்குள் அடங்கிப்போகும். எனவே எதுவும் வேகம் என்று சொல்ல உரிமையில்லை. ஒரு வண்டி, ஒருவர், ஐந்து ஓட்டங்கள் என்பது சிறிய சோதனைதான். பேராசிரியரிடம் காட்டியபோது அவரும் அதையே முதலில் சொன்னார்.

ஆனால் ஒன்று விளங்கிற்று. உருவியவுடன் வண்டி 'பிச்சுக்கிட்டு' போவதாகத் தோன்றுவது முற்றிலும் பொய்யன்று. அடைந்துகிடந்த குழாயை எடுத்தால் எந்த வண்டியும் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பெருமை சேரவேண்டியது கரியை நீக்கியதற்கு. நாமோ குழாயை நீக்கியதற்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் மாறினால் எது விளைவைத் தந்தது என்று எப்படிச் சொல்வது? முதலாண்டிலேயே இதைப் படித்தோம். பட்டறையில் நினைவுக்கு வரவில்லை.

செவியும் நம்மை ஏமாற்றுகிறது. மூன்று நிலைகளில் எது வேகமென்று நேரத்தைச் சொல்லாமல் நண்பரைக் கேட்டேன். பேஃபிள் இல்லாததே பத்துக் கிலோமீட்டர் கூடுதல் என்று அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சத்தத்தையே வேகமாக உணர்ந்தார். கைப்பேசியில் ஒலிமட்டம் காட்டும் செயலியால் அளந்தபோது வேறுபாடு ஏறத்தாழ 11 டெசிபல். கைப்பேசி காட்டும் எண்ணை நம்ப முடியாது. இரண்டு எண்களின் வேறுபாட்டை ஓரளவு நம்பலாம். 11 டெசிபல் என்றால் ஒலித்திறன் பன்னிரண்டு மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு உரப்பு.

இச்செய்தியை மாமாவிடம் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "கரியத் தட்டிப் போட்டாலே போதும் மாப்ள. அது எனக்குத் தெரியாதா? அவனுக்குச் சத்தம் வேணும்ங்கிறான், நான் என்ன பண்றது?" என்றார். பிறகு பட்டறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "கரி தட்ட அரை நாளாகும், அம்பது ரூபா குடுக்க மூக்கால அழுவான். உருவ அஞ்சு நிமிஷம், எரநூறு ரூபாய எண்ணி வச்சிட்டுப் போவான்" என்றும் சொன்னார். மூன்று ஞாயிறு செலவழித்து நான் கண்டது அவருக்கு என்றோ தெரிந்த ஒன்று.

கிழக்கு ஜெர்மனியில் ஒரு குழாய்

அப்படியானால் புகைக்குழாயால் வேகத்தைக் கூட்டவே முடியாதா? முடியும். ஆனால் அதற்கு வழி குழாயை எடுப்பதன்று. குழாயைச் சரியான வடிவில் அமைப்பதே.

இரு வீச்சு எஞ்சினில் ஒரு பெருங்குறை உண்டு. புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். புகையோடு புதுக் கலவையும் கொஞ்சம் தப்பி ஓடிவிடும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பந்தயப் பிரிவில் இருந்த வால்டர் காடன் என்னும் பொறியாளர், ஓடியதைத் திரும்ப உள்ளே தள்ள ஒலி அலையையே வேலைக்காரனாக்கினார். குழாயை முதலில் கூம்புபோல் விரியச் செய்தார். அதிலிருந்து எதிர் அழுத்த அலை திரும்பி வந்து உருளையிலிருந்து புகையை உறிஞ்சியது. பின்னர் குழாயைக் கூம்புபோல் குறுகச் செய்தார். அதிலிருந்து நேர் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி வெளியே வந்த புதுக் கலவையை வழி மூடுவதற்குச் சற்று முன்னர் மீண்டும் உள்ளே தள்ளியது. நம் செய்முறைக் குழாயில் கேட்ட அதே எதிரொலிப்புத்தான்.

நேரம் பொருந்தவேண்டும் என்பதே இதில் உயிர்நாடி. நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஆயிரத்தில் 8 வினாடி. வெளியேற்று வழி அரைச் சுற்று திறந்திருப்பதாகக் கொண்டால் ஆயிரத்தில் 4 வினாடி. அதற்குள் அலை வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்பினால் மொத்தத் தொலைவு 2 மீட்டர். ஒரு வழி 1 மீட்டர். இரு வீச்சு வண்டியின் புகைக்குழாய் ஏன் அத்தனை நீளம் என்பது இப்போது விளங்கும். இதே குழாயில் 3750 சுற்றில் ஓட்டினால் அலை திரும்பிவரும் நேரம் தவறிவிடும். குறிப்பிட்ட சுற்றில் மட்டும் வண்டி திடீரென்று உதைத்துக்கொண்டு கிளம்புவதன் காரணம் இது. பின்முனைக் குழாயின் விட்டமும் இக்கணக்கில் சேர்ந்ததே. அது மிக அகலமானால் குழாய்க்குள் தேங்கி நிற்கவேண்டிய அழுத்தம் நில்லாமல் போய்விடும். பேஃபிள் இல்லாத ஆர்.எக்ஸ். ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் திணறியது இதனால்தான் என்று எண்ணுகிறேன். அதை நான் அளக்கவில்லை. ஓட்டியபோது உணர்ந்ததை மட்டுமே சொல்கிறேன்.

காடன் 1961-இல் 125 கன செ.மீ. எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். லிட்டருக்கு 200 குதிரைத்திறன்! அதே ஆண்டு செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்த மறு மாதம், அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பினார். மனைவி மக்கள் காரின் பின்பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டனர். அவரோடு காடனின் நுட்பமும் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1962-இல் சுசுகி 50 கன செ.மீ. பிரிவில் உலகப் பட்டத்தை வென்றது, டெக்னர் ஓட்டத்தில். ஒரு நாட்டிலிருந்து கடத்திச் செல்லத் தகுந்த அளவுக்கு மதிப்புள்ள பொருள் புகைக்குழாய். அதன் ஒரு பகுதியைத்தான் நாம் இடுக்கியால் உருவிப் பரணில் போடுகிறோம்.

நான்கு வீச்சு வண்டிகளில் இந்த விளைவு இத்தனை வலுவானதன்று. எஞ்சினுக்குக் கொஞ்சம் 'எதிரழுத்தம்' வேண்டும் என்று பலர் சொல்வதும் சரியான விளக்கமன்று. தடை எப்போதும் இழப்பே. வேண்டியது வாயு ஓட்டத்தின் வேகமும் அலை திரும்பும் நேரமும். குழாயை மாற்றினால் இரண்டும் மாறும். கார்புரேட்டரின் ஜெட்டை அதற்கேற்ப மாற்றாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, ஸ்பார்க் பிளக் வெளுத்து, எஞ்சின் சூடேறும். வேகத்தைக் குறைக்கும்போது 'பட் பட்' என்று பட்டாசு வெடிப்பது குழாய்க்குள் போய் எரியும் கலவை. அதாவது எஞ்சினுக்குள் எரிந்து வேலை செய்திருக்கவேண்டிய பெட்ரோல். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குட்பட்ட வண்டிகளில் புகைக்குழாய்க்குள் கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சுகளை மாற்றும் வினையூக்கி அறையும் ஆக்சிஜன் உணர்வியும் உள்ளன. அவற்றில் முழுக் குழாயையும் மாற்றினால் அந்த வினையூக்கி அறையும் சேர்ந்து போய்விடும்.

மாமாவின் காது

மாமாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை. சைலன்சரைக் கழற்றி எஞ்சினை முடுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டே டைமிங் சரிசெய்வார். புல்லட் தெருமுனையில் திரும்பும்போதே, "டேப்பெட் லூஸு" என்று சொல்லிவிடுவார். ஆனால் ஓராண்டாக அத்தை சமையலறையிலிருந்து கேட்பதற்கு வேறேதோ பதில் சொல்கிறார். 'சாவி' என்றால் 'ஆவி' என்று கேட்கிறதாம். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தைதான் அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் உடன் சென்றேன்.

கேட்புத்திறனை வரைந்த தாளைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது. தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு ஏறக்குறைய நேராகச் சென்று, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கியிருந்தது. மருத்துவர் வேறு எதுவும் கேட்கும் முன், "என்ன தொழில்?" என்றார். உரத்த ஒலியில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு முதலில் கெடுவது அந்த இடம். உட்செவியின் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உண்டு. இறந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சினின் 'டப டப' தாழ்ந்த அதிர்வெண். அது அவருக்கு இன்றும் நன்றாகக் கேட்கிறது. ச, ஸ, த போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்திக் காட்டுபவை உயர் அதிர்வெண்கள், அவை போய்விட்டன. எஞ்சின் பேச்சு முழுதும் விளங்குகிறது, மனிதர் பேச்சு பாதிதான் விளங்குகிறது.

நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பது செவிக்குப் பாதுகாப்பான எல்லையாகப் பலரால் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். 94 என்றால் ஒரு மணி. 100 என்றால் கால் மணி. பேஃபிள் இல்லாத வண்டியின் பக்கத்தில் குனிந்து நிற்பவருக்கு அந்தக் கால் மணி ஒரே வண்டியில் தீர்ந்துவிடும். ஓட்டுபவர் சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார். பின்னால் இருப்பவர்களுக்கே முழுப் பங்கு. எத்தனை பேஃபிளை நான் உருவி, "மாமா, கேட்டுப் பாருங்க" என்று எஞ்சினை முறுக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை நினைவில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டொரு வரி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், ஒலி விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கல்லூரியைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்; அங்கே பகலில் 50 டெசிபல்தான் எல்லை. நம் வாயில் காலை ஒன்பதரைக்கு எத்தனை மடங்கு மீறுகிறது என்பதைக் கணக்கிடுவது இயற்பியல் முதலாண்டு மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

இப்போது பட்டறையில் மாமா காதடைப்பான் வைத்துக்கொள்கிறார். வைத்துக்கொண்டால் டைமிங் கேட்கவில்லை என்று பாதி நேரம் கழற்றியும் விடுகிறார். வணிகவியல் நண்பர் சுத்தம் செய்த பேஃபிளோடுதான் ஒரு மாதமாக வருகிறார். பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது என்று அவர் சொல்வதை நான் அளக்கவில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை. புல்லட் நண்பர் இன்னும் இணங்கவில்லை.

பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் கம்பி கட்டி, வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுச்சென்ற பேஃபிள்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. மாமா எதையும் எறியமாட்டார்; ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் அவற்றையெல்லாம் சுட்டுக் கரி தட்டி வைத்திருக்கிறேன். மொத்தம் பத்தொன்பது. அவற்றுள் நான்கு நம் கல்லூரி மாணவர்களுடையவை, ஒன்று ஒரு விரிவுரையாளருடையது. சனிக்கிழமை மாலை வந்தால் மாட்டித் தருகிறேன்; கூலி வேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.